ரெரிக் துறைமுகம்: வாசகர் கேள்விகளும் எங்கள் பதில்களும்

பால்டிக் கடலோரத்தில் 8ஆம் நூற்றாண்டில் இயங்கிய ரெரிக் என்ற ஸ்லாவிய வணிகத்துறை பற்றிச் சென்ற இதழில் ஒரு பக்கக் குறிப்பு வந்தது. ஜேர்மனியின் வடகரையில் விஸ்மார் நகருக்கு அருகே குரோஸ் ஸ்ட்ரொம்கென்டோர்ஃப் என்ற கிராமம் இருக்கிறது. அதன் வயல்களில் 1990களில் நடந்த அகழ்வில் வெளிப்பட்ட இடம் அது. மட்டக்களப்பு, அம்பாறை வாசகர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறோம்.

கல்வெட்டு ஒன்றும் கிடைக்காத இடத்தை ரெரிக் என்று எப்படி உறுதியாகச் சொல்கிறார்கள்? வரைபடத்தில் ரெரிக் என்ற ஊர் வேறு இடத்தில் இருக்கிறதே?
(களுவாஞ்சிகுடி ஆசிரியை ஒருவர்)

வரைபடத்தில் நீங்கள் பார்த்த ஊரின் பழைய பெயர் அல்ட் கார்ட்ஸ். பழைய துறை அங்குதான் இருந்திருக்கும் என்ற நம்பிக்கையில் 1938இல் அதற்கு ரெரிக் என்று பெயர் சூட்டினார்கள். பெயர் நிலைத்துவிட்டது, துறை அங்கே இல்லை.

அந்தக் காலத்து ஸ்லாவியர் எழுத்தில் எதையும் விட்டுச்செல்லவில்லை. ரெரிக் என்ற பெயர், மேற்கு ஐரோப்பாவின் பெரும்பகுதியை அப்போது ஆண்ட பிராங்கியரின் அரச ஆண்டுக்குறிப்புகளில் வருகிறது. 808ஆம் ஆண்டுக் குறிப்பின்படி, டென்மார்க் மன்னன் கொட்ஃபிரட் ஒபோட்ரிட் என்ற ஸ்லாவிய மக்கள் மீது படையெடுத்தான். கடலோரத்தில் இருந்த ரெரிக் துறையை அழித்து, அங்கிருந்த வணிகர்களைத் தன்னுடன் கூட்டிக்கொண்டு ஸ்லீஸ்தோர்ப் துறைக்குக் கப்பலேறினான். ரெரிக்கிலிருந்து கிடைத்த வரி அவனுக்குப் பெரிய வருமானமாக இருந்தது என்பதையும் அதே குறிப்பு சொல்கிறது. வருமானம் தந்த துறையை அவன் ஏன் அழிக்க வேண்டும்? ஒபோட்ரிட்டுகள் அவனுடைய எதிரியான பிராங்கிய மன்னன் சார்லமேனின் கூட்டாளிகள். வணிகர்களைத் தன் எல்லைக்குள் குடியேற்றினால் வரியும் கைவிட்டுப் போகாது, எதிரியின் பக்கமும் மெலியும். அவர்கள் போய்ச் சேர்ந்த பகுதியில்தான் பின்னர் ஹைதபு என்ற பெருந்துறை வளர்ந்தது.

ஆகவே அகழ்வாளர் தேடிய இடத்துக்குச் சில நிபந்தனைகள் இருந்தன. அது ஒபோட்ரிட் நிலத்தில் இருக்க வேண்டும். கப்பல் ஒதுங்க இடம் வேண்டும். கைவினைப் பட்டறைகளும் வெளிநாட்டுப் பொருட்களும் நிறைய இருக்க வேண்டும். 8ஆம் நூற்றாண்டில் செழித்து, 9ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓய வேண்டும். குரோஸ் ஸ்ட்ரொம்கென்டோர்ஃப் இவை எல்லாவற்றுக்கும் பொருந்துகிறது. 808இல் ஒரே நாளில் எல்லாம் முடிந்துவிட்டது என்று மட்டும் எண்ண வேண்டாம். அடுத்த ஆண்டு, 809இல், ஒபோட்ரிட் தலைவன் திராஸ்கோ ரெரிக்கில் வைத்துக் கொல்லப்பட்டான் என்று அதே ஆண்டுக்குறிப்புகளே எழுதுகின்றன.

துறைமுகம் இப்போது தண்ணீருக்கு அடியில் என்று எழுதியிருந்தீர்கள். அது சுனாமியாலா?
(கல்லடி)

இல்லை. பனியுகத்தில் ஸ்கண்டிநேவியாவை அழுத்திக் கிடந்த பனிப்பாளம் உருகியதும் அங்கே நிலம் மெல்ல மேலெழத் தொடங்கியது, இன்னும் எழுகிறது. தென்கரை அப்படி எழவில்லை. அங்கே கடல் ஏறி, 8ஆம் நூற்றாண்டுக் கரையோரம் ஏறத்தாழ ஒரு மீற்றர் ஆழத்துக்குப் போய்விட்டது. அதே கடலின் மறுபுறத்தில், ஸ்டொக்ஹோமுக்கு அருகிலுள்ள பிர்கா துறையின் பழைய கரை இன்று நீர்மட்டத்துக்கு ஏறத்தாழ 5 மீற்றர் மேலே, தரையில் கிடக்கிறது. பழைய துறையைத் தேடுவோர் முதலில் அந்தக் காலத்துக் கரைக்கோடு எங்கே ஓடியது என்பதைக் கணக்கிட்டாக வேண்டும். அதைச் செய்யாமல் இன்றைய கரையில் குழி போட்டால் ஆண்டுக்கணக்கான உழைப்பு வீணாகும்.

அங்கே வாழ்ந்தவர்கள் ஸ்லாவியர்தானா? பானையை வைத்து இனத்தைச் சொல்லலாமா?
(அக்கரைப்பற்று)

பானையை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஒரே சந்தையில் வாங்கிய சட்டி அக்கரைப்பற்றில் முஸ்லிம் வீட்டிலும் இருக்கும், பக்கத்துத் தமிழர் வீட்டிலும் இருக்கும். உடைந்து மண்ணுக்குள் போனபின் ஓட்டுத்துண்டைப் பார்த்து வீட்டைச் சொல்ல யாராலும் முடியாது.

ரெரிக்கில் கிடைத்த பானைகளில் சுக்கோவ், ஃபெல்ட்பெர்க் என்று ஆய்வாளர் பெயரிட்ட ஸ்லாவிய வகைகள் உண்டு. சுக்கோவ் வகை அலங்காரமில்லாதது. ஃபெல்ட்பெர்க் வகையில் சீப்புப் போன்ற கருவியால் இழுத்த அலைக்கோடுகள் இருக்கும். ஆனால் இடுகாடு வேறு கதை சொல்கிறது. எரித்துப் புதைத்தவை, எரிக்காமல் புதைத்தவை, படகில் வைத்துப் புதைத்தவை எல்லாம் ஒரே இடத்தில் கலந்து கிடக்கின்றன. குதிரையையும் நாயையும் புதைத்திருக்கிறார்கள். படகுப் புதைப்பு ஸ்கண்டிநேவிய வழக்கம். ஒருவர் தன் இறந்தவரை எப்படி வழியனுப்புகிறார் என்பது சட்டியைப் போல எளிதில் கைமாறுவதில்லை. அதனால் இதற்கு நாங்கள் கூடுதல் எடை கொடுக்கிறோம். நிலமும் ஆட்சியும் ஸ்லாவியருடையவை. துறைக்குள் பல திசை மக்கள் இருந்தார்கள் என்பதே பொருத்தமான விடை.

அகழ்வாளர்கள் ஏன் கிணறுகளைப் பெரிதாகக் கொண்டாடுகிறார்கள்? மரத்தைப் பார்த்து ஆண்டு சொல்வது எப்படி?
(செங்கலடி, உயர்தர மாணவர்)

மண் வீடு மக்கிப்போகும், மரத்தூண் இருந்த இடத்தில் கறுப்பு வட்டம் மட்டும் எஞ்சும். கிணற்றின் அடிப்பகுதி எப்போதும் நிலத்தடி நீருக்குள் இருக்கும். அங்கே காற்று போகாததால் மரம் அழுகுவதில்லை. ரெரிக் மக்கள் கிணற்றுக்குள் பலகையால் பெட்டி கட்டினார்கள் அல்லது குடைந்த அடிமரத்தை இறக்கினார்கள்.

கிணற்றை அகழும்போது முழு வட்டத்தையும் ஒரே முறையில் தோண்டக்கூடாது. பாதியை மட்டும் இறக்கி, மறுபாதியின் வெட்டுமுகத்தை வரைந்து படம்பிடிக்க வேண்டும். கிணறு தோண்டிய குழி எது, பிறகு நிரம்பிய குப்பை எது என்பது அந்த வெட்டுமுகத்தில்தான் பிரிந்து தெரியும். மணல் நிலத்தில் ஒன்றரை மீற்றருக்குக் கீழே போனால் சுவர் சரிந்து ஆள் புதையும் ஆபத்து உண்டு. சுற்றிலும் குழாய் இறக்கி நீரை இறைத்து, பக்கங்களைப் படிபடியாக வெட்டி இறங்க வேண்டும். பலகை வெளிப்பட்ட நிமிடத்திலிருந்து ஈரம் குறையவே கூடாது: தண்ணீர் தெளித்து, ஈரச் சாக்கு போர்த்தி, மேலே பொலித்தீனால் சுற்ற வேண்டும். இரண்டு நாள் வெயில் பட்டால் வெடித்துச் சுருங்கிவிடும், வளையத்தை அளக்க முடியாது.

அடுத்தது மாதிரி எடுப்பது. முடிச்சு இல்லாத இடத்தில் 5 முதல் 10 சென்ரிமீற்றர் தடிப்பில் ஒரு வட்டத்துண்டு அறுப்பார்கள். அதன் முகத்தைச் சவர அலகால் சீவி, வளையங்களின் இடைவெளியை மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கு வரை அளப்பார்கள். நல்ல மழை பெய்த ஆண்டில் வளையம் அகலம், வறண்ட ஆண்டில் ஒடுக்கம். அந்த அகல ஒடுக்க வரிசையை, ஏற்கெனவே ஆண்டு தெரிந்த ஓக் மரங்களின் நீண்ட வரிசையோடு ஒப்பிட்டுப் பொருந்தும் இடத்தைப் பிடிப்பார்கள். குறைந்தது 50 வளையமாவது வேண்டும். அதற்குக் குறைந்தால் தற்செயலாகவே பல இடங்களில் பொருந்திவிடும்.

தச்சர்கள் மரத்தின் உட்பகுதியை வைரம் என்றும் பட்டையை அண்டிய பகுதியை வெள்ளை என்றும் பிரிக்கும் பிரிவு இங்கே மிக முக்கியம். பட்டைக்கு அடியிலுள்ள கடைசி வளையம் இருந்தால் மரம் வெட்டிய ஆண்டே கிடைக்கும். சில வேளை பருவம்கூடத் தெரியும். வெள்ளையில் ஒரு பகுதி மட்டும் எஞ்சியிருந்தால், ஓக்குக்கு வழக்கமான 10 முதல் 30 வளையம் என்ற கணக்கில் மீதியை மதிப்பிடலாம். வெள்ளை முழுதும் செதுக்கப்பட்டிருந்தால் “இந்த ஆண்டுக்குப் பிறகு” என்று மட்டுமே சொல்லலாம். இந்த மூன்றையும் ஒரே நம்பிக்கையோடு எழுதிவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை.

இன்னொரு பொறி பழைய மரம். உடைந்த படகின் பலகையைக் கிணற்றுக்குப் போட்டிருந்தால், கிடைப்பது படகு கட்டிய காலம். அதனால் ஒரு கிணற்றில் பல பலகைகளைப் பார்த்து, அவற்றில் மிகப் பிந்தியதையே எடுக்க வேண்டும். ஹைதபுவில் சில கிணறுகளுக்குள் பீப்பாய்களை இறக்கியிருந்தார்கள். அவை அந்தப் பக்கத்தில் வளராத வெள்ளித் தேவதாரு மரத்தில் செய்தவை. தெற்கிலிருந்து சரக்கோடு வந்த பீப்பாய்கள், காலியானபின் கிணற்றுச் சுவரானவை.

எங்கள் பாலை, முதிரை போன்ற மரங்களில் ஆண்டுக்கு ஒரு வளையம் என்ற ஒழுங்கை நம்ப முடியாது. இங்கே, எஞ்சியுள்ள கார்பன்-14ஐ அளந்து காலம் சொல்லும் ரேடியோ கார்பன் முறையே பெரும்பாலும் கைகொடுக்கும். சாதாரணமாக அது பல பத்தாண்டு அகலமான விடையையே தரும். ஆனால் 774-775இல் வளிமண்டலக் கார்பன்-14 திடீரென உயர்ந்தது என்று ஜப்பானிய ஆய்வாளர் மியாகே 2012இல் வெளியிட்டார். அந்த ஆண்டின் வளையத்தில் அது அடையாளமாகப் பதிந்திருக்கிறது. டென்மார்க்கின் ரீபே துறையில் மண் அடுக்குகளின் காலத்தை இதை வைத்தே நெருக்கிப் பிடித்தார்கள். உயர்தரத்தில் இரசாயனவியல் படிக்கும் உங்களுக்கு இது நல்ல வாசிப்பாக இருக்கும்.

ஸ்லாவியர் படகு எப்படி இருக்கும்? எங்கள் வாவிக்குள் பழைய தோணி கிடந்தால் அதுவும் இப்படித் தப்பியிருக்குமா?
(வாழைச்சேனை)

ஸ்லாவியரும் ஸ்கண்டிநேவியரும் பலகையின் விளிம்பை அடுத்த பலகை மீது ஏற்றியே கட்டினார்கள். இணைப்பதில்தான் வேறுபாடு. ஸ்கண்டிநேவியர் இரும்பாணியை அடித்து, மறுபக்கத்தில் சிறு இரும்புத் தகடு வைத்து முனையை மடக்கினார்கள். பலகை இடுக்கை அடைக்கும் கலப்பத்துக்குத் தார் தோய்த்த கம்பளி அல்லது விலங்கு மயிர். ஸ்லாவியர் மர ஆணியை அறைந்து, பாசியை வைத்து அடைத்தார்கள். ஜேர்மனியின் ரூகன் தீவிலுள்ள ரால்ஸ்விக்கில் அகழ்வில் வெளிப்பட்ட படகுகள் மர ஆணிப் படகுகள்.

புதைகுழிக்குள் மரம் மக்கிவிட்டால் இரும்பாணிகள் வரிசையாகக் கிடக்கும், படகு இருந்தது உடனே தெரியும். மர ஆணிப் படகு மக்கினால் மண்ணில் மங்கிய நிறம் மட்டும்தான் மிஞ்சும். அவசரமாகத் தோண்டுபவர் அதைக் கவனிக்கவே மாட்டார். ஸ்கண்டிநேவியப் படகுகளே அதிகம் என்ற தோற்றம் இப்படியும் உண்டாகலாம். ஆணி கிடைத்தால் அள்ளிப் பைக்குள் போடக்கூடாது. ஒவ்வொன்றின் இடம், ஆழம், முனை பார்க்கும் திசை, தலைக்கும் தகட்டுக்கும் இடைப்பட்ட நீளம் எல்லாவற்றையும் குறிக்க வேண்டும். அந்த நீளம்தான் இரண்டு பலகைகளின் கூட்டுத் தடிப்பு.

வாவியைப் பற்றி: மரத்தைத் தின்பது கப்பற்புழு. அது உப்பு நீரில் வாழும். உப்பு மிகக் குறைந்தால் தாங்காது. ரூகன் பக்கத்துப் பால்டிக்கில் உப்பு ஆயிரத்துக்கு ஏறத்தாழ 8 பங்கு, இந்து சமுத்திரத்தில் ஏறத்தாழ 35. மட்டக்களப்பு வாவியின் பாலமீன்மடு முகத்துவாரத்தை அண்டிய பகுதியில், நீருக்கு வெளியே துருத்தாமல் அடியில் திறந்து கிடக்கும் மரத்தைப் புழு விடாது. முகத்துவாரத்திலிருந்து தூரத்தில், ஆழச் சேற்றுக்குள் முழுதாகப் புதைந்தது தப்பியிருக்க வாய்ப்பு உண்டு. வலையில் அப்படி ஏதும் மாட்டினால் வெயிலில் போட வேண்டாம். அதே நீரிலேயே நிழலில் ஊறவைத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு அறிவியுங்கள். ஊறிய மரத்தின் உள்ளிருக்கும் நீரை மெழுகு போன்ற பொலிஎத்திலீன் கிளைக்கோல் கரைசலால் மெல்ல மெல்ல மாற்ற வேண்டும். பெரிய பலகைக்கு அது ஆண்டுக்கணக்கான வேலை. செறிவை அவசரமாகக் கூட்டினால் வெளிப்புறம் அடைபட்டு உள்ளே சுருங்கிவிடும்.

அரபு வெள்ளிக்காசுகள் அங்கே எப்படிப் போயின? ஒரு திர்ஹத்தின் ஆண்டை நாங்களே வாசிக்கலாமா?
(காத்தான்குடி)

ரால்ஸ்விக்கில் 1973இல் ஒரே புதையலாக 2000க்கு மேற்பட்ட காசுகள் வெளிப்பட்டன, பெரும்பாலானவை திர்ஹங்கள். ஈராக், ஈரான், நடு ஆசியாவிலிருந்து காஸ்பியன் கடல் வழியாகவும் வொல்கா ஆற்று வழியாகவும் வடக்கே ஏறி, ரஷ்யாவின் லடோகா போன்ற ஆற்றுத் துறைகளைத் தாண்டிப் பால்டிக்குக்கு வந்த வெள்ளி அது. எதிர்ப்பக்கம் போனவை தோல், மெழுகு, அம்பர் (கல்லாக இறுகிய பழைய மரப்பிசின்). மனிதர்களும் அடிமைகளாக விற்கப்பட்டார்கள். அந்தக் கணக்கை விட்டுவிட்டு இந்த வணிகத்தைப் புகழ்வது சரியல்ல.

குர்ஆன் ஓதத் தெரிந்தவர் பழகினால் வாசிக்கலாம். ஒரு பக்கத்தின் நடுவில் “லா இலாஹ இல்லல்லாஹு வஹ்தஹு லா ஷரீக லஹு” என்று இருக்கும். அதைச் சுற்றியுள்ள வரி “பிஸ்மில்லாஹ்” என்று தொடங்கி, இந்தத் திர்ஹம் இந்த ஊரில் இந்த ஆண்டில் அடிக்கப்பட்டது என்று முடியும். ஆண்டு இலக்கத்தில் இராது, சொல்லில் இருக்கும்: முதலில் ஒன்று, பிறகு பத்து, கடைசியாக நூறு. கூஃபி என்ற பழைய அரபு எழுத்துவகையில் புள்ளிகள் பெரும்பாலும் இல்லாததால் ஏழும் (ஸப்உ) ஒன்பதும் (திஸ்உ) குழப்பும். எழுபதும் தொண்ணூறும் அப்படியே. ஹிஜ்ரி ஆண்டை 0.97ஆல் பெருக்கி 622ஐக் கூட்டினால் கிறிஸ்து ஆண்டு கிட்டத்தட்டக் கிடைக்கும். 227 என்று வாசித்தால் 841-842.

காசில் உள்ள ஆண்டு அதை அடித்த ஆண்டு மட்டுமே. புதையலில் மிகப் பிந்திய காசுக்கு முன்னால் அதைப் புதைத்திருக்க முடியாது. எவ்வளவு பின்னால் என்பதைக் காசு சொல்லாது. வடக்கே இவை எண்ணிக்கையில் புழங்கவில்லை, நிறுத்தே வாங்கினார்கள். அதனால்தான் பாதியாகவும் காலாகவும் வெட்டிய துண்டுகள், தரம் பார்க்கக் கத்தியால் கீறிய தழும்புகள், மடக்கும் சிறு தராசுகள் எல்லாம் கிடைக்கின்றன. ரெரிக் ஓய்ந்து பல பத்தாண்டுகளின் பின், 9ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில், இரும்பு உருண்டைக்கு வெண்கலத் தோல் போர்த்திய படிக்கற்கள் வந்தன. அராவிக் களவெடுத்தால் இரும்பு வெளியே தெரிந்துவிடும். மண்ணுக்குள் அந்த இரும்பு துருப்பிடித்து வீங்கித் தோலை வெடிக்கச் செய்யும். ஆகையால் இன்று நிறுத்துக் கிடைக்கும் கிராம் கணக்கைப் பழைய எடையென்று எடுக்கக்கூடாது.

களிமண் வளையங்கள் நெசவுக்கு என்றீர்கள். தறியில் அவற்றின் வேலை என்ன?
(மருதமுனை, கைத்தறி நெசவாளர்)

உங்கள் தறியில் பாவு படுத்துக் கிடக்கிறது, உருளை அதை இழுத்துப் பிடிக்கிறது. அவர்களின் தறி சுவரில் சாய்த்த நெட்டைச் சட்டம். பாவு மேலிருந்து தொங்கும், அடியில் நூல்களைக் கொத்துக் கொத்தாகக் களிமண் வளையத்தில் கட்டி இழுவை கொடுப்பார்கள். ஊடையை மேல்நோக்கி அடிப்பார்கள். தரையைத் தோண்டி இறக்கிய குழிவீடுகளில் இந்த வளையங்கள் கிடைக்கின்றன. அங்கே ஈரப்பதம் நின்றதால் நூல் அறுவது குறைவு. இதை நீங்கள் எங்களைவிட நன்றாக அறிவீர்கள்.

வளையத்தின் எடையிலிருந்து துணியைக் கணிக்கலாம். ஒரு நூலுக்கு 20 கிராம் இழுவை தேவை என்று வைத்தால், 300 கிராம் வளையம் 15 நூலைத் தாங்கும். வளையத்தின் தடிப்பு அந்த 15 நூலும் எவ்வளவு அகலத்தில் நிற்கும் என்பதைச் சொல்லும். தடிப்பு 3 சென்ரிமீற்றர் என்றால், முன்வரிசையும் பின்வரிசையும் சேர்த்து அந்த அகலத்தில் 30 நூல், அதாவது சென்ரிமீற்றருக்கு 10. உடைந்த வளையத்தின் எடையை இப்படிக் கணக்குக்கு எடுக்கக்கூடாது. தீயில் விழுந்து ஒரே வரிசையாகக் கிடந்த வளையங்கள் கிடைத்தால் தறியின் அகலமே கிடைத்துவிடும். அகழ்வில் எங்களுக்கு மிகவும் பிடித்த காட்சி அதுதான்.

அம்பர் மணி உண்மையானதா என்று வீட்டில் பார்க்க முடியுமா?
(திருக்கோவில்)

250 மில்லிலீற்றர் தண்ணீரில் 50 கிராம் உப்பைக் கரைத்து மணியை இடுங்கள். அம்பர் மிதக்கும், கண்ணாடியும் பேக்கலைட் என்ற பழைய பிளாஸ்ரிக்கும் அமிழும். நூலும் உலோகக் கொக்கியும் இருந்தால் கழற்றிவிட வேண்டும். சில பிளாஸ்ரிக்கும், இளம் பிசினான கொப்பலும் மிதக்கும் என்பதால், துளையின் உட்புறத்தில் ஒரு துளி அசிற்றோன் விட்டுப் பாருங்கள், கொப்பல் பிசுபிசுக்கும். அகழ்வில் எடுத்த மணியில் இவை எதையும் செய்யக்கூடாது.

வீட்டுக்கு அத்திவாரம் வெட்டும்போது ஓட்டுத்துண்டுகள் வருகின்றன. என்ன செய்வது?
(பொத்துவில்)

முதலில் அந்த இடத்தில் வெட்டுவதை நிறுத்துங்கள். குழிச் சுவரை மண்வெட்டியால் நேராகச் சீவி, அளவுநாடாவை நிமிர்த்திப் பிடித்துப் படம் எடுங்கள். துண்டு வந்த ஆழத்தைத் தரைமட்டத்திலிருந்து அளந்து எழுதுங்கள். ஒவ்வொரு மண் நிறத்துக்கும் தனித்தனிப் பை; கலந்துவிட்டால் யாராலும் பிரித்துத் தர முடியாது. கழுவ வேண்டாம், பானைக்குள் ஒட்டியிருக்கும் கரி ஆய்வுக்கு வேண்டும். வாய் விளிம்புத் துண்டைத் தவறவிடாதீர்கள். வயிற்றுத் துண்டு பத்தைவிட அது ஒன்று அதிகம் சொல்லும்.

நமது கரையில் மேலே வெள்ளை மணல் அடுக்கு இருந்தால் 2004 சுனாமியா, 1978 சூறாவளியா என்று எண்ணிப் பாருங்கள். அதற்குள்ளோ அடியிலோ பொலித்தீன் துண்டு இருந்தால் அந்த மணல் அண்மைக் காலத்தது. அதில் வந்த ஓடுகள் வேறிடத்திலிருந்து அலை கொண்டு வந்தவையாகவும் இருக்கலாம். அடியிலுள்ள கலையாத மண்ணே கவனிக்க வேண்டியது. பிறகு கிராம உத்தியோகத்தர், பிரதேச செயலகம் வழியாகத் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். அனுமதியின்றித் தோண்டித் தேடுவது 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி குற்றம்.

மீன் எலும்பு குறைவு என்றால் அவர்கள் மீன் சாப்பிடவில்லை என்றுதானே?
(பாணமை)

முதலில் அரிதட்டின் கண்ணைக் கேளுங்கள். ஹெரிங் மீனின் முள்ளும் முதுகெலும்பும் மிகச் சிறியவை. 4 மில்லிமீற்றர் கண்ணில் பெரும்பாலும் விழுந்துபோகும்; கொட் மீனும் பன்றியும் மாடும் மட்டும் தங்கும். ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் 10 லீற்றராவது எடுத்து, 2 மில்லிமீற்றருக்கு மேற்படாத கண்ணில் தண்ணீர் ஊற்றி அரிக்க வேண்டும். கையால் மட்டும் பொறுக்கிய பழைய அகழ்வுகளின் மீன் கணக்கை நாங்கள் நம்புவதில்லை.

ஜேர்மனியிலுள்ள மகனிடம் போகிறோம். ரெரிக்கைப் பார்க்கலாமா?
(ஆரையம்பதி)

அகழ்ந்த குழிகள் மூடப்பட்டுவிட்டன. குரோஸ் ஸ்ட்ரொம்கென்டோர்ஃபில் வயலும் கடலும்தான். ஒரு நாள் இருந்தால் ஸ்லெஸ்விக் நகருக்குப் பக்கத்திலுள்ள ஹைதபு அருங்காட்சியகத்துக்குப் போங்கள். கப்பல், படிக்கற்கள், தறி வளையங்கள் உள்ளே இருக்கின்றன, அரைவட்ட மண் அரணுக்குள் மீளக்கட்டிய வீடுகளும் நிற்கின்றன. ஸ்லாவியரின் வீட்டையும் கோட்டையையும் பார்க்க விரும்பினால் ஷ்டெர்ன்பெர்க் அருகே குரோஸ் ராடன் திறந்தவெளி அருங்காட்சியகம் நல்லது. கோடையில் போவதானாலும் கம்பளிச் சட்டை ஒன்று எடுத்துச் செல்லுங்கள், இரண்டு இடமும் காற்று வெளி.